பெரியில் இரண்டு இரவு தங்கினால் மறுநாள் எங்கே போவது?

இங்கிலாந்தில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால், கூட்டிப்போகும் இடங்கள் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒன்றுதான். லண்டன், ஸ்டோன்ஹெஞ்ச், பாத், ஆக்ஸ்ஃபோர்ட். விடியற்காலையில் கோச்சில் ஏற்றி, ஒரே நாளில் மூன்று இடம் காட்டி, ராத்திரி தூங்கி வழிந்துகொண்டே திரும்பி வருவார்கள். அந்த அலைச்சல் வேண்டாம், பழைய சந்தை ஊர் ஒன்றில் இரண்டு இரவு தங்கி நிதானமாகப் பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்வது கிழக்கு இங்கிலாந்தின் சஃபோக் வட்டாரத்தில் உள்ள பெரி செயின்ட் எட்மண்ட்ஸ். உள்ளூர்க்காரர்கள் சுருக்கமாகப் பெரி என்பார்கள்.

முதல் நாள் ஊருக்கே போய்விடும். குழப்பம் இரண்டாம் நாளில்தான். ஈலி, லாவன்ஹம், கேம்பிரிட்ஜ், இக்வர்த், சட்டன் ஹூ என்று ஐந்து இடங்களைச் சொல்வார்கள். ஐந்தும் நல்ல இடங்கள்தான், ஆனால் இருப்பது ஒரு நாள். கார் இல்லை, கூட அறுபத்தைந்து வயதைத் தாண்டிய ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். என் அளவுகோல் தூரமோ கட்டணமோ இல்லை. பெரியில் முதல் நாள் பார்த்ததற்கு அடுத்த இடம் ஏதாவது சேர்க்கிறதா என்பதுதான். அதனால் பெரியிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

869-இல் கிழக்கு ஆங்கிலியாவின் அரசர் எட்மண்டை டேனியர்கள் கொன்றார்கள். வெட்டிய தலையை ஓர் ஓநாய் காவல் காத்தது என்று கதை. ஊரில் ஓநாய்ச் சின்னத்தை அடிக்கடி பார்ப்பீர்கள். அவருடைய உடல் இங்கே வந்து சேர்ந்து, ஊர் யாத்திரைத் தலமாயிற்று. 1020-இல் கனூட் அரசர் பெனடிக்ட் துறவிகளுக்கு இங்கே மடம் அமைத்தார். பிறகு ஐந்நூறு வருடம் இந்த ஊருக்கு எஜமான் மடம்தான். சந்தை, வரி, நாணயம் எல்லாம் மடத்தின் கையில். ஊர்க்காரர்கள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து 1327-இல் மடத்துக்குள் புகுந்து அடித்து நொறுக்கினார்கள். அப்போது போன வாசலுக்குப் பதிலாகக் கட்டியதுதான் ஏஞ்சல் ஹில் எதிரே இன்று நிற்கும் பெரிய கோபுர வாசல். வெளிப்பக்கம் அழகான சிலை மாடங்கள். அவற்றுக்குப் பின்னால் அம்பு எய்யும் துளைகள் ஒளிந்திருக்கின்றன என்பார்கள். துறவிகள் பாடம் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த வாசலைத் தாண்டி உள்ளே போனால் பூங்கா. பூப்பாத்தி, புல்வெளி, பிள்ளைகள் விளையாடும் இடம். மடத்துக் கோயில் எங்கே என்று தேட வேண்டும். சுமார் 500 அடி நீளம் இருந்த கோயில் அது. 1539-இல் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது இதுவும் கலைந்தது. செதுக்கிய கல்லையெல்லாம் ஊரார் வீடு கட்டப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். தூணுக்குள் நிரப்பியிருந்த சக்கைக்கல்லும் சுண்ணாம்புக் காரையும் மட்டும் மிச்சம். தூரத்திலிருந்து பார்க்கக் கறையான் புற்று மாதிரி இருக்கும். கிட்டே போய்த் தொட்டால், சாம்பல் நிறக் காரையில் முட்டி முட்டியாகப் பதித்த ஃபிளின்ட் என்ற சிக்கிமுக்கிக் கற்கள் தெரியும். கல் உரித்த இடமெல்லாம் கரடுமுரடு. இரண்டு தூண்களில் பலகை பதித்திருக்கிறார்கள்: 1214-இல் ஜான் அரசருக்கு எதிராகப் பிரபுக்கள் இங்கே கூடிச் சத்தியம் செய்தார்கள், அடுத்த வருடம் அரசரின் அதிகாரத்துக்கு எல்லை வைத்த மாக்னா கார்ட்டா சாசனம் வந்தது என்று. கோயிலின் மேற்கு முகப்பில் இன்னும் வினோதம். நார்மன் காலத்து வளைவுகளுக்குள்ளேயே பிற்காலத்தில் வீடு கட்டிக்கொண்டு, ஜன்னல் வைத்துக் குடியிருக்கிறார்கள்.

ஊரில் வேறு என்ன? புதன், சனி சந்தை. அந்த நாள் அமையும்படி தேதி வைத்துக்கொள்ளுங்கள், ஊரே வேறு மாதிரி இருக்கும். செயின்ட் மேரி தேவாலயத்தின் மரக்கூரையைக் கழுத்து வலிக்கப் பாருங்கள், தேவதைகள் வரிசையாக நிற்பார்கள். எட்டாம் ஹென்றியின் தங்கை, ஒரு காலத்தில் பிரான்ஸ் அரசியாக இருந்த மேரி, அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். 1180 வாக்கில் கட்டிய மாய்ஸஸ் ஹால் இப்போது அருங்காட்சியகம். ஒரு கொலைகாரனின் தோலால் அட்டை போட்ட புத்தகம் அங்கே இருக்கிறது, சிறு பிள்ளைகளோடு போனால் அந்தப் பக்கம் விட்டுவிடலாம். 15 அடிக்கு 7 அடி அளவில் நட்ஷெல் என்ற மதுக்கடை இருக்கிறது. குடிக்காதவர்களும் வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள்.

சரி, மறுநாளுக்கு வருவோம். முதல் நாள் பெரியில் என்ன குறைகிறது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். வாசல் இருக்கிறது, கோயில் இல்லை. அந்தக் குறையைத் தீர்ப்பது ஈலி.

ஈலிக்கு நேர் ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது. பீட்டர்பரோ போகும் ரயிலில் ஏற வேண்டும். அது அடிக்கடி கிடையாது, ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. முந்தின ராத்திரியே நேரம் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தவறவிட்டால் கேம்பிரிட்ஜ் போய் மாறிப் போகலாம், சுற்றுதான். வழியெல்லாம் ஃபென் நிலம், கறுப்பு மண், கோடு போட்டதுபோல் நேர் வாய்க்கால்கள். பதினேழாம் நூற்றாண்டில் வடிய வைப்பதற்கு முன்னால் இது சதுப்பு, ஈலி அதற்கு நடுவே ஒரு தீவு. நிலம் அவ்வளவு தட்டை என்பதால் ஊர் வருவதற்கு வெகு முன்பே பேராலயம் தெரிய ஆரம்பித்துவிடும். எந்தப் பக்க ஜன்னல் என்று கேட்காதீர்கள், தடம் வளையும்போது பக்கமும் மாறும்.

ஈலியும் பெனடிக்ட் மடம்தான். 673-இல் எதெல்ட்ரெடா என்ற அரசகுமாரி தொடங்கியது, இப்போதிருக்கும் கட்டடத்துக்கு 1083-இல் அடிக்கல். ஆக பெரியும் ஈலியும் ஒரே காலம், ஒரே சபை, ஒரே அளவு பணம் புழங்கிய இடங்கள். பிறகு ஏன் ஒன்று புல்வெளியாகி, இன்னொன்று கூரையோடு நிற்கிறது? 1109-இல் ஈலி பிஷப்பின் இருக்கையாகிவிட்டது. 1539-இல் மடத்தைக் கலைத்தபோதும் பிஷப்புக்கு ஒரு கோயில் வேண்டுமே. 1541-இல் அதையே பேராலயமாக மறுபடி நிறுவிவிட்டார்கள். துறவிகள் போனார்கள், கட்டடம் தங்கியது.

பெரிக்கும் அந்த வாய்ப்பு வந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். பதினோராம் நூற்றாண்டில், முதலாம் வில்லியம் அரசர் காலத்தில் ஹெர்ஃபாஸ்ட் என்ற பிஷப் தன் இருக்கையைப் பெரிக்கு மாற்றப் பார்த்தார். மடத்தின் தலைவர் பால்ட்வின் விடவே இல்லை. அரசர் வரைக்கும் வழக்கு போய், மடம் ஜெயித்தது, பிஷப் இருக்கை கடைசியில் நாரிச்சுக்குப் போனது. யாருக்கும் கட்டுப்படாத மடம் என்ற பெருமை பெரிக்கு. நாரிச் பேராலயமும் ஈலியைப் போல இன்றும் முழுசாக நிற்கிறது. பால்ட்வின் அன்று விட்டுக்கொடுத்திருந்தால் பெரியின் தூண்களை யாரும் உரித்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். பெரிக்கு ஒரு பேராலயம் 1914-இல்தான் வந்தது, அதுவும் மடத்து வளாக ஓரத்தில் இருந்த செயின்ட் ஜேம்ஸ் தேவாலயத்துக்கு. அதன் கோபுரம் முடிந்தது 2005-இல்.

ஈலிக்குள்ளே போனதும் நேராக நடந்து நடுமையத்துக்குப் போய்விடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். 1322-இல் ஒரு ராத்திரி நடுக்கோபுரம் இடிந்து விழுந்தது. மடத்தின் பொருள்காப்பாளர் வால்சிங்ஹம் ஆலன், அதே மாதிரி நாலு தூண் வைத்து மறுபடி எழுப்பவில்லை. இடிந்த இடத்தை இன்னும் அகலமாக்கி எட்டு மூலையாகத் திறந்தார். அவ்வளவு அகலத்தைக் கல்லால் மூட முடியாது. அதனால் மேலே மரத்தில், சுற்றிலும் ஜன்னல் வைத்து வெளிச்சம் இறக்கும் ஒரு விளக்குக்கூடு. அதற்கு 63 அடி நீள ஓக் மரங்கள் எட்டு வேண்டியிருந்தது, நாடு முழுக்கத் தேடினார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் நட்சத்திரம் ஒன்று விரிந்து, அதன் நடுவிலிருந்து வெளிச்சம் இறங்கும். நிற்பது எதன்மேல் என்று கண்ணுக்குப் பிடிபடாது. முட்டி நன்றாக இருப்பவர்கள் தனி டிக்கெட் எடுத்து 170 படி ஏறினால், விளக்குக்கூட்டின் உட்பக்கத்தில் தேவதை வரைந்த மரக்கதவுகளைத் திறந்து கீழே எட்டிப் பார்க்க விடுவார்கள். மேற்குக் கோபுரம் 288 படி, அதை நான் பெரியவர்களிடம் சொல்வதே இல்லை.

ஈலியும் முழுசாகத் தப்பிவிடவில்லை. பக்கத்திலேயே மாதா கோயிலுக்குப் போனால் தெரியும். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன சிலைகள், கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் தலை இல்லை. பதினாறாம் நூற்றாண்டு மதச் சீர்திருத்தக் காலத்தில் உடைத்தது. வண்ணக் கண்ணாடியும் போய்விட்டது. அதனாலேயே உள்ளே வெளிச்சம் வெள்ளையாக இருக்கும். வெளியே வந்து தெற்குப் பக்கம் நடந்தால் மடத்துக் கட்டடங்களே நிற்கின்றன, கிங்ஸ் பள்ளிக்கூடம் அவற்றில் நடக்கிறது. பழைய வைத்தியசாலைக் கூடத்தின் வளைவுகள் இப்போது ஒரு சந்தின் இரண்டு பக்க வீட்டுச் சுவர்கள். முந்தின நாள் பெரியில் பார்த்த வளைவு வீடுகள் ஞாபகத்துக்கு வராமல் இருக்காது. 1636-இல் ஆலிவர் கிராம்வெல் குடிவந்த வீடும் பக்கத்தில் உண்டு. நேரம் மிஞ்சினால் போகலாம்.

ஸ்டேஷனிலிருந்து பேராலயம் கால் மணி நேர நடை, கடைசியில் லேசான ஏற்றம். சைவம் சாப்பிடுபவர்களுக்குத் தேநீர்க் கடைகளில் சீஸ் ஸ்கோன், பீன்ஸ் போட்ட சுட்ட உருளைக்கிழங்கு கிடைக்கும். அதோடு திருப்திப்படாத பெரியவர்கள் இருந்தால் புளிசாதம் கட்டிக்கொண்டு போங்கள். ஆற்றங்கரைப் பூங்காவில் உட்கார்ந்து சாப்பிட நல்ல இடம் இருக்கிறது. ஞாயிறு காலையில் வழிபாடு நடக்கும், சுற்றிப் பார்ப்பதானால் மத்தியானம் போங்கள்.

லாவன்ஹம் இரண்டாவது. சிலருக்கு இதுவே முதலாவதாக இருக்கலாம். பெரியிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர். 1961-இல் பயணிகள் ரயில் நின்றுபோனது, இப்போது பேருந்துதான். ஞாயிற்றுக்கிழமை பேருந்தை நம்பித் திட்டம் போட வேண்டாம். மற்ற நாளிலும் கடைசிப் பேருந்து எப்போது என்று பார்த்துவிட்டு ஏறுங்கள்.

நீலக் கம்பளித் துணியால் பணக்காரரான ஊர் இது. 1524 வரிக்கணக்கில் இங்கிலாந்தின் பணக்கார ஊர்களில் பதினான்காவது இடம். அப்புறம் கோல்செஸ்டரில் குடியேறிய டச்சு நெசவாளர்கள் மெல்லிய, மலிவான துணியைக் கொண்டுவந்ததும் இங்கே தொழில் படுத்துவிட்டது. அந்த ஏழ்மைதான் ஊரைக் காப்பாற்றியது. பெரியில் தெருத் தெருவாக நீங்கள் பார்த்த செங்கல் முகப்புகள் பல வெறும் முகப்புத்தான். உள்ளே பழைய மரச்சட்ட வீடு ஒளிந்திருக்கும். பதினெட்டாம் நூற்றாண்டில் கையில் காசிருந்தவர்கள் நாகரிகத்துக்கு ஏற்ப முகம் மாற்றிக்கொண்டார்கள். லாவன்ஹம்காரர்களிடம் காசில்லை, மாற்றவில்லை. அதனால் முந்நூறுக்கு மேற்பட்ட பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள், பெரும்பாலும் மரச்சட்டம் வெளியே தெரியும்படியே, ஒரு சின்ன ஊருக்குள் நிற்கின்றன.

வீடுகள் கோணலாக நிற்பதைப் பார்த்து அஸ்திவாரம் சரிந்துவிட்டதோ என்று கேட்பார்கள். ஓக் மரத்தைப் பச்சையாகவே அறுத்துப் பூட்டுவார்கள், காய்ந்ததும் அது தன் இஷ்டத்துக்கு முறுக்கிக்கொள்ளும். உத்தரத்தின் அருகே நின்று பாருங்கள். ஆணி கிடையாது, மரமுளைதான். மரத்தின் மேலே சுண்ணாம்பு பூசிய வெள்ளி நிறம், சில வீட்டுச் சுவர்களில் சஃபோக்குக்கே உரிய இளஞ்சிவப்பு. சந்தைத் திடலில் 1530 வாக்கில் கட்டிய கில்டு ஹால் இருக்கிறது. செல்வந்தர்களின் சங்கக் கட்டடமாக இருந்து, பிறகு சிறையாகவும் ஏழைகள் விடுதியாகவும் ஆனது, இப்போது பழைய கட்டடங்களைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையின் கையில். தேவாலயக் கோபுரம் 141 அடி. துணி வியாபாரி ஸ்பிரிங் குடும்பம் கொடுத்த பணம், தங்கள் முத்திரையையும் மறக்காமல் பதித்திருக்கிறார்கள்.

ஈலியைவிட இங்கே நடை குறைவு, அவசரம் இல்லை, டிக்கெட் எடுக்காமலே முக்கால்வாசி பார்த்துவிடலாம். கோயில் குளம் பார்த்து அலுத்துப்போன பெரியவர்கள், படம் எடுக்கும் ஆர்வம் உள்ளவர்கள், தெருவில் சும்மா நடக்கப் பிடித்தவர்கள் தாராளமாக இதை முன்னால் வைக்கலாம். எனக்கு உறுத்துவது இரண்டு. தெருவோரமெல்லாம் கார் நிறுத்தியிருப்பார்கள், படத்தில் வரும் லாவன்ஹம் நேரில் அப்படி இருக்காது. அப்புறம், மழை பிடித்தால் ஒதுங்க இடம் குறைவு. மழை என்று வானிலை சொன்னால் யோசிக்காமல் ஈலி.

கேம்பிரிட்ஜ் நேர் ரயிலில் முக்கால் மணி நேரம், மணிக்கொரு ரயில் உண்டு. பெயர் தெரிந்த ஊர் என்பதால் பெற்றோரே கேட்பார்கள். ஆனால் பெரியிலிருந்து போக வேண்டிய ஊர் இல்லை என்பது என் கட்சி. லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து ஐம்பது நிமிடத்தில் வந்துவிடலாம், அதற்கு இன்னொரு நாள் ஒதுக்குங்கள். கூட்டம் அதிகம். தேர்வுக் காலத்தில் கல்லூரிகள் பல கதவைச் சாத்திவிடும், உள்ளே விடுகிற கல்லூரிகளும் காசு கேட்கும்.

நமக்கு அங்கே ஒரு தனிக் காரணம் இருக்கிறது, மறுக்கவில்லை. 1914-இல் ராமானுஜன் வந்து சேர்ந்தது அங்கேதான். டிரினிட்டி கல்லூரியில் கணித அறிஞர் ஹார்டியோடு வேலை செய்து, 1918-இல் ராயல் சொசைட்டிக்கும் பிறகு டிரினிட்டிக்கும் ஃபெல்லோ ஆகி, 1919-இல் உடம்பு கெட்டு ஊர் திரும்பினார். அடுத்த வருடம் 32 வயதில் காலமானார். 1976-இல் அமெரிக்கக் கணித அறிஞர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்டெடுத்த அவருடைய கடைசிக் கையெழுத்துத் தாள்கள் டிரினிட்டியின் ரென் நூலகத்தில்தான் இருக்கின்றன. அவை காட்சியில் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள். நூலகமே பார்வையாளர்களுக்குச் சில மணி நேரம்தான் திறந்திருக்கும். கணக்கு வாத்தியார் அப்பாவைக் கூட்டிவந்தவர் என் வாதத்தையெல்லாம் தள்ளிவிட்டுக் கேம்பிரிட்ஜ் போகலாம். ஈலியிலிருந்து கேம்பிரிட்ஜ் கால் மணி நேரம் என்பதால் இரண்டையும் ஒரே நாளில் சேர்த்துவிடலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் இரண்டும் அரைகுறை. பிடிவாதமாகச் செய்பவர்கள், ரிட்டர்ன் டிக்கெட் அந்தச் சுற்றுவழிக்குச் செல்லுமா என்று ஸ்டேஷனில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இக்வர்த் மாளிகை பெரியிலிருந்து ஐந்து கிலோமீட்டர்தான், டாக்ஸியில் போய்விடலாம். நடுவில் உருண்டையாக மாபெரும் மண்டபம், இரண்டு பக்கம் வளைந்து போகும் சிறகுகள், சுற்றி 1,800 ஏக்கர் தோட்டமும் காடும். 1795-இல் கட்ட ஆரம்பித்தவர் ஃபிரெடரிக் ஹார்வி, ஒரே சமயத்தில் பிரபுவும் பிஷப்பும். ஐரோப்பா முழுக்கச் சுற்றிச் சேர்த்த ஓவியம், சிலைகளை வைக்கத்தான் இந்த வீடு. 1798-இல் பிரெஞ்சுப் படை ரோமில் அந்தச் சரக்கு முழுவதையும் பறிமுதல் செய்துவிட்டது. 1803-இல் இத்தாலியில் வழியிலேயே செத்துப்போனார், கட்டி முடிந்த வீட்டைப் பார்க்கவே இல்லை. கதை பிரமாதம். வீடு அவ்வளவு பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். ஓடியாட இடம் தேடும் சிறு பிள்ளைகள் இருந்தால், அல்லது மூன்றாம் நாள் காலை ரயிலுக்கு முன் அரை நாள் மிஞ்சினால், இக்வர்த் சரியாகப் பொருந்தும்.

சட்டன் ஹூவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1939-இல் பேசில் பிரவுன் தோண்டி 27 மீட்டர் நீளக் கப்பலின் தடத்தைக் கண்டுபிடித்த மேடு அது. உள்ளே ஓர் ஆங்கிலோ-சாக்சன் அரசரின் புதையல். அந்தத் தலைக்கவசமும் பொன்னும் லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில், இலவசமாகவே பார்க்கலாம். இங்கே இருப்பவை நகல்களும் புல் முளைத்த மேடுகளும். இப்ஸ்விச்சில் ரயில் மாறி, மெல்ட்டனில் இறங்கி, சாலையோரம் நடந்து போக வேண்டும். கார் இல்லாதவர்களுக்கு இது தண்டனை.

கார் இருந்தால் கணக்கே மாறும். லாவன்ஹமும், மெல்ஃபோர்ட் ஹால் மாளிகை இருக்கும் பக்கத்து ஊர் லாங் மெல்ஃபோர்டும் ஒரே நாளில் முடியும், திரும்பும் வழியில் இக்வர்த்தையும் தொட்டுக்கொள்ளலாம். நேஷனல் டிரஸ்ட் உறுப்பினர் அட்டை வைத்திருப்பவர்கள் இக்வர்த், லாவன்ஹம் கில்டு ஹால், மெல்ஃபோர்ட் ஹால், சட்டன் ஹூ நான்குக்கும் நுழைவுக் கட்டணம் தர வேண்டியதில்லை. ஈலிப் பேராலயத்துக்கு அந்த அட்டை செல்லாது. ரயிலில் போகிறவர்கள் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் குரூப்சேவ் என்ற குழுச் சலுகை டிக்கெட் கேளுங்கள். நெரிசல் நேரம் தவிர்த்துப் போனால் மூன்றில் ஒரு பங்கு குறையும், ரயில்கார்டு தேவையில்லை.